அந்தப் பெயரை இந்த மடலில் எழுத மாட்டேன்

வாசகர் வட்டங்களை நடத்துகிறவர்களுக்கும், இதழ்களில் நூல் அறிமுகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில், புனைபெயரில் எழுதும் இத்தாலிய நாவலாசிரியர் எலெனா ஃபெரான்டேயின் ‘மை பிரில்லியன்ட் ஃப்ரெண்ட்’ நாவலைப் பேச எடுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை, மாடி அறை, பதினாலு பேர். நான் மூன்று வாரம் ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபிறகு உட்கார்ந்து படித்து, நாற்பது பக்க நோட்டு நிறையக் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதலில் பேசியவர் எழுந்து, “இந்த அம்மா நிஜத்தில் யார் தெரியுமா?” என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். ஒருவர் செல்பேசியில் தேடினார். இன்னொருவர், அவர் இல்லை, அவருடைய கணவர்தான் எழுதுகிறார் என்றார். மூன்றாமவர் ரோமில் வீடு என்ன விலை என்பது வரை போய்விட்டார். ஒன்றே கால் மணி நேரம் அதிலேயே கழிந்தது. மிச்சமிருந்த கால் மணியில் இரண்டு பெண்களின் அறுபது வருடச் சிநேகிதத்தைப் பேசி முடிக்கப் பார்த்தோம். அதற்குள் சுண்டல் வந்துவிட்டது.

என் நோட்டு பையை விட்டு வெளியே வரவே இல்லை. கோபம் இன்னும் ஆறாததால் இந்த மடல்.

எங்கள் வட்டத்து ஆட்களை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? கூட்டத்துக்கு வந்த அழைப்பிலேயே முதல் வரி அந்த ஊகப் பெயர்தான். இதழ்களில் ஃபெரான்டேயைப் பற்றி வரும் அறிமுகங்களும் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகின்றன. கதை என்ன என்பது மூன்றாவது பத்தியில் வந்தால் அதிர்ஷ்டம்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய மொழியில் 2011 முதல் 2014 வரை வருடத்துக்கு ஒன்றாக வந்த நான்கு நாவல்கள். எல்லாம் சேர்ந்து ஒரே கதை. நேப்பிள்ஸ் நகரத்தில், இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்து ஏழைக் குடியிருப்பு ஒன்று. லீலா செருப்புத் தைப்பவரின் மகள். லெனு நகராட்சியில் கடைநிலை ஊழியராக இருப்பவரின் மகள். லீலா மூன்று வயதிலேயே தானாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள். ஆனால் தொடக்கப் பள்ளியோடு அவள் படிப்பை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். லெனு மேலே படிக்கிறாள். படிக்காத லீலா நூலகத்திலிருந்து இலக்கணப் புத்தகம் எடுத்துவந்து லத்தீன் கற்றுக்கொண்டு, படிக்கிற லெனுவுக்குப் பாடம் சொல்லித்தருகிறாள். பதினாறு வயதில் லீலாவுக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது. லெனு பீசா நகரத்துக்குப் படிக்கப் போய், பிறகு எழுத்தாளராகிறாள். 2024இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் எழுத்தாளர்களையும் விமர்சகர்களையும் கேட்டுத் தொகுத்த இந்த நூற்றாண்டின் சிறந்த 100 நூல்கள் பட்டியலில் முதலிடம் இதன் முதல் பாகத்துக்குத்தான்.

சரி, ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். ஃபெரான்டே என்பது புனைபெயர். இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். முதல் நாவல் 1992இல் வந்தது. அதற்கு முந்தைய வருடம், 1991 செப்டம்பரில், தன் பதிப்பாளருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். புத்தகம் எழுதி முடிந்தபிறகு அதற்கு ஆசிரியர் தேவையில்லை, சொல்ல ஏதாவது இருந்தால் அதுவே வாசகர்களைத் தேடிக்கொள்ளும், அதனால் விருது விழா, கூட்டம் என்று எதற்கும் நான் வரமாட்டேன், பேட்டி கொடுத்தாலும் எழுத்தில்தான் என்பது அதன் சாரம். உங்கள் பதிப்பகத்திலேயே செலவு குறைந்த எழுத்தாளர் நான்தான், என் வருகைச் செலவுகூட உங்களுக்கு மிச்சம் என்று கிண்டலும் செய்திருந்தார். இத்தாலியில் ஜனவரி 6ஆம் தேதிக்கு முந்தைய ராத்திரி பெஃபானா என்ற கிழவி வந்து குழந்தைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவாள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆசிரியர் யாரென்று தெரியாத பழைய நூல்கள் அந்தக் கிழவியின் பரிசு மாதிரி என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தார். பரிசு வைக்கிற கிழவியின் முகத்தைப் பார்க்க ராத்திரி முழுக்க முழித்திருக்கிற குழந்தைகள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் கிழவியின் வங்கிக் கணக்கை வாங்கிப் பார்க்கிற குழந்தை உண்டா?

2016 அக்டோபரில் அதுதான் நடந்தது. கிளாவ்தியோ கத்தி என்ற இத்தாலியப் புலனாய்வுப் பத்திரிகையாளர் (தமிழில் எழுதும்போது அவர் பெயர் இப்படி அமைந்துவிடுவதற்கு நான் பொறுப்பில்லை) பதிப்பகம் யாருக்கெல்லாம் எவ்வளவு பணம் கொடுத்தது, யார் பெயரில் எந்த வருடம் ரோமில் என்ன வீடு பதிவானது என்று தோண்டியெடுத்து, ஒரு மொழிபெயர்ப்பாளர்தான் ஃபெரான்டே என்று எழுதினார். இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா என நான்கு நாடுகளில் ஒரே நாளில் வெளியிட்டார்கள். கூடவே இன்னொரு கட்டுரை. அது அந்த மொழிபெயர்ப்பாளரின் தாயார் யார், எந்த நாட்டிலிருந்து எப்படித் தப்பி வந்தார் என்பதைப் பற்றியது.

பினாமி பெயரில் நிலம் வாங்கிய அமைச்சரைப் பிடிக்கிற வேலை இது. அந்த வேலைக்கு நான் எதிரி இல்லை, இன்னும் நிறையப் பேர் செய்ய வேண்டும். ஆனால் ஒரு கதைக்காரி யாருடைய நிலத்தை அபகரித்தார்?

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்தச் செய்தி வந்த அன்று நானும் தேடினேன். பெயரைப் போட்டு, புகைப்படத்தைப் பெரிதாக்கி, இந்தக் கண்களா லீலாவை எழுதின என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் உங்கள் ஆர்வம் எனக்குப் புரியாமல் இல்லை. அதற்குப்பிறகு இரண்டாம் பாகத்தைத் திறந்தபோது, ஒவ்வொரு பக்கத்திலும் அந்த முகம் குறுக்கே வந்து நின்றது. இந்தச் சம்பவம் நடந்திருக்குமா, இவர் நேப்பிள்ஸில் வளர்ந்தாரா, அப்புறம் எப்படி இது தெரியும் என்று கதைக்கு வெளியே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அதை மறக்கவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

இது ஏன் நடக்கிறது என்று நம்மவர்கள் எப்போதோ யோசித்துவைத்திருக்கிறார்கள். ‘மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். அகப்பாட்டில், அதாவது காதலைப் பாடும் பாட்டில், இன்னார் என்று ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது. சுட்டினால் அது அகம் ஆகாது. நெடுநல்வாடையில் பிரிந்த கணவனை நினைத்துத் தூங்காமல் கிடக்கும் ஒரு பெண்ணைப் பற்றி எவ்வளவோ வரிகள் இருக்கின்றன. ஆனால் பாசறையில் வரும் வேலின் தலையில் வேப்பம்பூ மாலை கட்டியிருக்கிறது என்ற ஒரு வரி வந்ததும், வேம்பு பாண்டியனின் பூ, ஆகவே தலைவன் பாண்டியன் என்பது தெரிந்துவிடுகிறது, எனவே இது புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லிவிட்டார். 188 அடிப் பாட்டை ஒரு பூ வெளியே இழுத்துப்போட்டுவிட்டது. எனக்கு அவர் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனால் அவர் சொன்ன நுட்பம் புரிகிறது. அந்த விதி பாட்டுக்குள் இருக்கிற ஆட்களுக்குச் சொன்னதுதான், பாடினவருக்கு இல்லை. இருந்தாலும் ஃபெரான்டேயின் நான்கு பாகங்களும் அகம். அதன் மேல் நீங்கள் வீட்டுப் பத்திரத்தைச் செருகினால் அதுவும் ஒரு வேப்பம்பூதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று பாடியவரின் பெயர் நமக்குத் தெரியாது. செம்மண்ணில் பெய்த மழை என்று அவர் சொன்ன உவமையையே பெயராக வைத்து, செம்புலப்பெயனீரார் என்கிறோம். மீனெறிதூண்டிலார், அணிலாடுமுன்றிலார், குப்பைக்கோழியார் எல்லோருமே அப்படித்தான். அவர்கள் எந்த ஊர், ஆணா பெண்ணா, என்ன தொழில் என்று எதுவும் தெரியாது. அதனால் அந்தப் பாட்டில் ஏதாவது குறைந்துபோயிற்றா? என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார் என்று கேட்ட அந்தப் புலவரின் தாய் யார் என்று நாம் போய்க் கேட்டதில்லை. இத்தாலியில் கேட்டார்கள்.

இதற்கு உங்களில் சிலர் சொல்லும் பதிலை அன்று கூட்டத்திலும் கேட்டேன். ‘ஃப்ராந்துமாலியா’ என்று ஃபெரான்டேயின் கடிதங்களையும் எழுத்து மூலம் கொடுத்த பேட்டிகளையும் தொகுத்த புத்தகம் 2003இல் வந்தது. அதில் தன் தாய் நேப்பிள்ஸில் தையல் வேலை செய்தவர் என்பது போன்ற செய்திகளைச் சொல்லியிருக்கிறார். அந்த மொழிபெயர்ப்பாளரின் தாய் தையல்காரர் இல்லை. ஆக, வாசகனுக்குப் பொய் சொல்லிவிட்டார், பொய் சொன்னவரின் ரகசியத்தை உடைக்க நமக்கு உரிமை உண்டு. கத்தியின் வாதமும் ஏறக்குறைய இதுதான். இது கொஞ்சம் வலுவான வாதம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். வாழ்க்கையைச் சொல்லவே மாட்டேன் என்றவர் பாதி வாழ்க்கையை எதற்குச் சொன்னார் என்ற எரிச்சல் எனக்கும் வந்ததுண்டு. அப்புறம் குறுந்தொகை 25 ஞாபகம் வந்தது. ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று ஏமாற்றப்பட்ட ஒரு பெண், மீனுக்காக ஓடையில் நின்ற குருகு ஒன்றுதான் எனக்குச் சாட்சி என்கிறாள். பாடியவர் கபிலர். கபிலரைப் பொய்யர் என்று எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை. ஃபெரான்டே என்ற பெயரே ஒரு பாத்திரம் என்று எடுத்துக்கொண்டால், தையல்காரத் தாயும் அந்தப் பாத்திரத்தின் தாய். அதற்கு மேல் எனக்கு அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

கணவர்தான் எழுதுகிறார் என்ற கதையைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. பதுவா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 40 எழுத்தாளர்களின் 150 நாவல்களைக் கணினியில் போட்டுச் சொற்களை ஒப்பிட்டு, அந்த மொழிபெயர்ப்பாளரின் கணவரான ஒரு எழுத்தாளரின் நடைதான் ஃபெரான்டேக்கு மிக நெருக்கம் என்றார்கள். அது மொழி ஆய்வு, அதற்கென்று மதிப்பு இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் அதைச் சொன்னவரின் குரலில் ஒரு திருப்தி தெரிந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நம் ஊரில் எஸ். ரங்கராஜன் மனைவி பெயரில் ‘சுஜாதா’ என்று எழுதினார், ரா.கி. ரங்கராஜன் என்று இன்னொருவர் இருந்ததால் வந்த ஏற்பாடு அது. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. மறுபுறம், அமெரிக்காவின் டல்சா நகரத்தில் பதினைந்து வயதில் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை எழுதத் தொடங்கிய பெண்ணின் பெயரை 1967இல் எஸ்.ஈ. ஹிண்டன் என்று சுருக்கி அச்சிட்டார்கள். பையன்களின் சண்டையும் சிநேகிதமும் பற்றிய கதையை ஒரு பெண் எழுதினாள் என்று தெரிந்தால் மதிப்புரை எழுதும் ஆண்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். ஓர் ஆண் பெண்ணின் பெயரை வைத்துக்கொண்டால் விளையாட்டு, பெண் தன் பெயரை மறைத்தால் புலனாய்வு. நன்றாக இருக்கிறது.

நம்மிடையே சல்மா இருக்கிறார். துவரங்குறிச்சியில் சின்ன வயதிலேயே பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைத்தபிறகு, வீட்டாருக்குத் தெரியாமல் எழுத அவருக்கு ஒரு வேறு பெயர் தேவைப்பட்டது. பாதி ராத்திரியில், ஒளித்துவைத்த காகிதங்களில் எழுதியதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 2004இல் வந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யைப் படித்துவிட்டு ஃபெரான்டேக்குப் போகிறவர்களுக்கு நேப்பிள்ஸ் அந்நியமாகத் தெரியாது. வளர்கிற பெண்களிடம் வீடு எதையெல்லாம் மறைக்கிறது, அவர்கள் எதையெல்லாம் எப்படியோ தெரிந்துகொள்கிறார்கள் என்பது இரண்டிலும் உண்டு. சல்மா தன் நேரம் வந்தபோது தானாக வெளியே வந்தார். அதற்கு முன்பே யாராவது துப்பறிந்து ஊருக்குச் சொல்லியிருந்தால் அந்த நாவல் நமக்குக் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

நாவலுக்குள் வருகிறேன். என் நோட்டில் இருந்தது இதுதான்.

நாவலில் லீலாவும் லெனுவும் சிறுமிகளாக இருக்கும்போது, ஒருத்தியின் பொம்மையை இன்னொருத்தி நிலவறைக்குள் தள்ளிவிடுகிறாள். பொம்மையைக் கேட்டு ஊரே பயப்படும் டான் அக்கீலேயின் வீட்டுப் படி ஏறுகிறார்கள். அவர் காசு கொடுத்து அனுப்புகிறார். அந்தக் காசில் அவர்கள் பொம்மை வாங்குவதில்லை. ‘லிட்டில் விமன்’ நாவலை வாங்கி, தாள் தாளாகப் பிரிந்து வரும்வரை சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். அதன் பிறகு லீலா ‘நீலத் தேவதை’ என்று ஒரு குட்டிக் கதை எழுதுகிறாள். ஆசிரியையிடம் கொடுக்கிறாள், அவர் வாயே திறக்கவில்லை. பல வருடம் கழித்து அந்த ஆசிரியை இறந்தபின் அந்தத் தாள்கள் லெனுவிடம் வந்துசேர்கின்றன. ஓரங்களில் ஆசிரியை பாராட்டி எழுதிவைத்திருக்கிறார். இதை அவர் ஏன் அந்தச் சிறுமியிடம் சொல்லவில்லை? நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதைவிடப் பெரிய அடி அடுத்து வருகிறது. தன் பெயரில் அச்சாகி ஊரெல்லாம் பேசப்படுகிற நாவலின் உயிர், லீலா பத்து வயதில் எழுதிய அந்தத் தாள்களில் இருந்து வந்தது என்று லெனுவுக்குப் புரிகிறது. அதை எடுத்துக்கொண்டு லீலா கூலி வேலை செய்யும் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போகிறாள். லீலா வாங்கி நெருப்பில் போட்டுவிடுகிறாள்.

நிஜத்தில் யார் எழுதியது என்ற உங்கள் கேள்வியை நாவலே 1,600 பக்கத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வந்தேன். படித்தவளா, படிப்பை இழந்தவளா? கையெழுத்துப் போட்டவளா, போட மறுத்தவளா? அது பத்திரப்பதிவு அலுவலகத்தில் தீராது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘லிட்டில் விமன்’ எழுதிய லூயிசா மே ஆல்காட், ஏ.எம். பார்னார்ட் என்ற பெயரில் ரகசியமாகப் பழிவாங்கல் கதைகள் எழுதிக் காசு சம்பாதித்தவர். அது அவர் இறந்து 55 வருடம் கழித்து, 1943இல், பழைய கடிதங்களைப் படித்த ஒரு ஆய்வாளர் மூலம் வெளியே வந்தது. அதை நான் சந்தோஷமாகத்தான் படித்தேன். யாருக்கும் தூக்கம் கெடவில்லை, புதிதாகப் படிக்கக் கதைகளும் கிடைத்தன.

கதை தொடங்கும் இடத்தையும் மறந்துவிடாதீர்கள். அறுபத்தாறு வயது லீலா ஒருநாள் காணாமல் போகிறாள். தன் துணிமணி, காகிதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மகனோடு எடுத்த புகைப்படங்களிலிருந்துகூடத் தன் உருவத்தை வெட்டியெடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். தடயமே இல்லாமல் அழிந்துபோவது அவளுடைய ஆசை. லெனுவுக்குக் கோபம் வருகிறது, பார்க்கலாம் யார் ஜெயிக்கிறார்கள் என்று உட்கார்ந்து அவள் கதையை முழுக்க எழுதுகிறாள். நாம் படிப்பது ஒரு வாக்கு மீறல். அதனால் நாமும் சுத்தமில்லை. லீலாவின் அனுமதி இல்லாமல்தான் அவள் வாழ்க்கை நமக்குத் தெரியும்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வரும். என் சிநேகிதி ஒருத்தி கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு தொடர்கதை எழுதினாள். ஒரு ஆண் பெயரை வைத்துக்கொண்டாள். நோட்டு பெஞ்சு பெஞ்சாகப் போகும், மதிய இடைவேளைக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். எழுதியது யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் வேறு இரண்டு பேர் என்னைச் சேர்த்துக்கொள்ளாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஏதோ பெரிதாகத் தெரியும் என்று காட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் கதையில் வந்த பையன் எந்தத் தெரு என்று எல்லோரும் அவளைக் கேட்டார்கள். அவள் என்னோடு சண்டை போடவில்லை. அடுத்த வாரம் அந்த நோட்டை இரவல் வாங்கினேன், இரண்டு பக்கத்திலிருந்தும் கணக்கு மட்டும்தான் இருந்தது. போன வருடம் ஒரு கல்யாணத்தில் பார்த்தோம். பிள்ளைகள், மூட்டுவலி, பட்டுப்புடவை விலை எல்லாம் பேசினோம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அழைப்பிலும் அறிமுகத்திலும் அந்த ஊகப் பெயரைப் போடாதீர்கள். முகம் வேண்டுமென்றால் ஆன் கோல்ட்ஸ்டீனின் முகத்தைப் போடுங்கள். நான்கு பாகங்களையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். ஃபெரான்டே வராத மேடைகளில் அவர்தான் உட்கார்ந்து பதில் சொன்னார். நாம் படிக்கிற ஒவ்வொரு வாக்கியமும் அவர் கையால் வந்தது. அவரைப் பற்றி நம் கூட்டத்தில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

வருகிற மாதம் இரண்டாம் பாகம் என்று அறிவித்திருக்கிறீர்கள். 1966இல் லீலா எட்டு நோட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு லெனுவிடம் கொடுக்கிறாள். லெனு ரயில் ஏறியதுமே கயிற்றை அவிழ்க்கிறாள். வரி வரியாகப் படித்து, சில பக்கங்களை மனப்பாடமே செய்து, பிறகு ஒரு சாயங்காலம் பீசாவில் சோல்ஃபெரினோ பாலத்துக்குப் போய்ப் பெட்டியை ஆர்னோ ஆற்றில் தள்ளிவிடுகிறாள். கூட்டத்தை அங்கிருந்து தொடங்கலாம். அவள் தள்ளியது பொறாமையிலா, தப்பிக்கவா என்பதில் எனக்கே இரண்டு கட்சி இருக்கிறது, சண்டை போட ஆள் வேண்டும். நோட்டைக் கொண்டுவருகிறேன். சுண்டலை மட்டும் ஏழு மணிக்குமேல் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூடுநோட்டினார்